வீட்டுக்கும் ஒரு கால பூஜை போதும்

நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில் ஒரு சகோதரி எனக்கு எழுதிய ஆறு பக்கக் கடிதம். கணக்கு ஆசிரியை என்பதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே எண் போட்டிருக்கிறார். நான்காம் பக்கத்து ஓரத்தில் மட்டும் எண்ணெய் பட்ட விரல் ரேகை ஒன்று இருக்கிறது, திரி போட்டுவிட்டுக் கையைச் சரியாகத் துடைக்காமல் வந்து உட்கார்ந்து எழுதியிருப்பார் போல.

அவருக்கு 41 வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியை, 14 வருட சர்வீஸ். கணவருக்குத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். 14 வயதில் மகள், 8 வயதில் மகன், கூடவே மாமியார். பிறந்த வீட்டில் காலையும் மாலையும் விளக்கு எரியும், அம்மா அபிராமி அந்தாதி சொல்லக் கேட்டுக் கேட்டே இவருக்கு நூறு பாட்டும் மனப்பாடம். கல்யாணத்துக்குப் பிறகும் அதை விடாமல் தினம் காலையில் 40 நிமிடம் பூஜை செய்துவந்தார். மூன்று வருடம் முன்பு மாறுதலில் 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு பஸ் மாற வேண்டும், 7.40-க்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடுகிறது. 40 நிமிடம் இருபதானது, இருபது ஐந்தானது, மாதத்தில் ஐந்தாறு நாள் விளக்கேற்றவே முடியாமல் போனது. அப்படி விட்டுப்போன ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து கை எலும்பு முறிந்துவிட்டது. "விளக்கெரியாத வீடு வெளங்குமா?" என்று மாமியார் அன்று சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைக் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு வருடமாக 3.45-க்கு எழுந்து முழு அந்தாதியும் சொல்கிறார். நடுவில் ஒரு சொல் தடுமாறினால் முதல் பாட்டிலிருந்து திரும்ப ஆரம்பிக்கிறார், சில நாள் மூன்று முறை, நான்கு முறை. விளக்கேற்றினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு தடவை வீட்டுக்குத் திரும்பி, பள்ளிக்குத் தாமதமாகித் தலைமை ஆசிரியரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். தூக்கம் நாலரை மணி நேரம்தான். கணவரோ, "மனசுல நெனச்சா போதாதா" என்கிறார். மகள் சாமி அறைப் பக்கமே வர மறுக்கிறாள். கடைசி வரியில் அவர் கேட்பது இதுதான்: "சாமிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாத வேலை எனக்கு எதற்கு? வி.ஆர்.எஸ். வாங்கிவிடட்டுமா?"

சகோதரி, அந்தக் கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், இது கைமீறிப் போனால் திரும்பப் பிடிக்க முடியாது.

வேலையை விடாதீர்கள்

நீங்கள் நினைக்கிற வி.ஆர்.எஸ். உங்களுக்கு இப்போது கிடைக்காது. தமிழ்நாடு அரசுப் பணியில் விருப்ப ஓய்வு கேட்க 50 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 20 வருடத் தகுதியுள்ள பணிக்காலம் முடிந்திருக்க வேண்டும், மூன்று மாத நோட்டீஸும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் எதுவும் உங்களுக்கு இன்னும் ஆகவில்லை. அதனால் இன்றைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது ராஜினாமாதான், 14 வருட சர்வீஸை அப்படியே விட்டுவிட்டு வெளியே வருகிற மாதிரி. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் என் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். நான் குடும்ப ஆலோசகர்தான், சர்வீஸ் விதி என் துறை இல்லை, எனவே ஆசிரியர் சங்கத்தில் விவரம் தெரிந்தவரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். முதல் 11 வருடம் இதே வேலை, பிள்ளை வளர்ப்பு, இதே 40 நிமிட பூஜை மூன்றும் சேர்ந்துதான் நடந்தது. மாறியது பள்ளி இருக்கிற இடம் மட்டும்தான். தினம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் உங்களுக்கு ரோட்டிலேயே போகிறது, சாமி அறையில் காணாமல் போன நேரம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த மாறுதல் கலந்தாய்வுக்கு இப்போதிருந்தே தயாராகுங்கள், இரண்டு பேர் சம்மதித்து இடம் மாற்றிக்கொள்கிற மனமொத்த மாறுதலுக்கு உங்கள் ஊர்ப் பக்கம் யாராவது ஒத்துவருவார்களா என்று ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டு வையுங்கள். உங்கள் வழிபாட்டுக்காக நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அந்த ஒரு மாறுதல் விண்ணப்பம் என்றே நினைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை

நிகழ்தகவு நடத்துகிறவர் நீங்கள், உங்கள் பாடத்திலேயே கேட்கிறேன். மாறுதல் வந்து பையன் விழும்வரை இரண்டு வருடம், மாதத்துக்கு ஐந்தாறு நாள் என்றால் விளக்கேற்றாத நாள் நூறைத் தாண்டுகிறது. அதில் ஒரு நாளில் அவன் விழுந்தான். மீதி நூற்றுச் சொச்சம் நாளில் என்ன நடந்தது? ஒன்றுமில்லை, அதனால்தான் அந்த நாட்கள் உங்களுக்கு ஞாபகமே இல்லை. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள், மகளுக்கு டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது 40 நிமிட பூஜை ஒழுங்காக நடந்த காலத்தில்தான். அப்போது யாரும் விளக்கைக் குறை சொல்லவில்லை.

கணக்கு தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை, விடியற்காலை நாலு மணிக்குப் பயப்படுகிற மனசுக்குக் கணக்கு ஏறாது. எனவே இதையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் அம்மா காய்ச்சலில் படுத்த நாள், பிரசவத்துக்குப் போன நாள், தீட்டு நாள் என்று அந்த வீட்டிலும் அவர் விளக்கேற்றாத நாட்கள் இருந்திருக்கும். அவர் உங்களுக்குக் காட்டிய அம்பாள் அதற்காகப் பிள்ளைகளின் கையை ஒடிக்கிறவளா? கையெடுத்துக் கும்பிடவும் அழுது முறையிடவும்தான் அவர் கற்றுக்கொடுத்திருப்பார். உங்கள் கடிதத்தில் இருக்கிற சாமியைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது, அந்தச் சாமி உங்கள் அம்மா கொடுத்தது இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு சொல் தடுமாறினால் முதலிலிருந்து சொல்வது, விளக்கேற்றியதா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பது, செய்யாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணம் விடாமல் துரத்துவது, இவை பக்தி கூடிப்போனதன் அடையாளமாக இல்லாமலும் இருக்கலாம். ஓசிடி என்று ஒரு நோய் உண்டு. கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது மாதிரி அது சிலருக்கு மந்திரத்திலும் பூஜையிலும் வந்து உட்காரும். கடிதத்தை வைத்து உங்களுக்கு அதுதான் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, ஆனால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்த்தாக வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். பேச்சு வழிச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் இது நன்றாகக் கேட்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசுங்கள், டெலிமானஸ் என்கிற இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போவது சாமியை நம்பாதது போல ஆகாதா என்ற கேள்வி உங்களுக்கு வரும். பையன் கை ஒடிந்தபோது மாவுக்கட்டுப் போடத்தானே ஓடினீர்கள்?

அதுவரைக்கும் ஒரே ஒரு பழக்கத்தை முயன்று பாருங்கள். பாட்டு தடுமாறினால் நின்று திரும்ப வேண்டாம், தடுமாறினபடியே அடுத்த அடிக்குப் போய் முடித்துவிடுங்கள். நெஞ்சு படபடக்கும், ஏதோ தப்பு செய்த மாதிரி கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு அதுவாகவே இறங்கும். அது இறங்குகிறது என்பதை நீங்கள் ஒரு தடவை அனுபவித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கால பூஜை

"ஒரு மணி நேரம் ஒதுக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு மணி நேரத்தை யார் விதித்தது?

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் குருக்களை நினைத்துக்கொள்கிறேன். மூன்று ஊர்க் கோயில் அவர் பொறுப்பில். காலை எட்டே காலுக்கு டி.வி.எஸ். 50 சத்தம் கேட்கும், பின்னால் ஒரு பிளாஸ்டிக் குடம் கட்டியிருப்பார், கதவைத் திறந்து, சுவாமிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, வேட்டி சுற்றி, விளக்கேற்றி, ஒரு கைப்பிடிச் சாதம் நைவேத்தியம், தீபாராதனை. வாசலில் நிற்கிற நாலைந்து பேருக்கு விபூதி கொடுத்துவிட்டு வண்டியை மிதித்தால் அடுத்த ஊர். எல்லாம் சேர்த்து 20 நிமிடம் இருக்கும். ஆனால் அந்த எட்டே கால் மாறாது, மழையிலும் மாறாது. பெரிய கோயில்களில் உஷக்காலம் தொடங்கி அர்த்தஜாமம் வரை ஆறு கால பூஜை நடக்கிறது, சரி, அங்கே ஆள் இருக்கிறது, நிலம் இருக்கிறது. வருமானமில்லாத ஆயிரக்கணக்கான கிராமக் கோயில்களில் ஒரு வேளை விளக்கெரிவதே பெரிய பாடு, அதற்காகவே அறநிலையத் துறை 'ஒரு கால பூஜைத் திட்டம்' என்று வைத்து, வைப்புத்தொகை போட்டு, அதன் வட்டியில் பூஜை நடத்துகிறது. கோயிலுக்கே ஒரு காலம் போதும் என்றால், இரண்டு பஸ் மாறிப் போகிற உங்கள் வீட்டுக்கு எதற்கு ஆறு காலம்?

அதனால் நேரத்தைக் குறையுங்கள், வேளையை மாற்றாதீர்கள். ஐந்து மணிக்கு எழுந்தால் போதும். குளித்து, பால் காய்ச்சி, டிபன் பாக்ஸ் வேலை ஆரம்பிக்கும் முன்னால் ஆறு மணிக்கு ஏழு நிமிடம். விளக்கு, இரண்டு பூ, அந்தாதியில் ஒரே ஒரு பாட்டு. மார்கழியில் 30 நாளும் நாளுக்கு ஒரு பாட்டு என்று பாடுகிறோமே, அதே முறைதான். நூறு பாட்டு நூறு நாளில் ஒரு சுற்று வரும், முடிந்ததும் திரும்ப முதல் பாட்டு. அவசர அவசரமாக நூறும் ஓட்டுவதைவிட, ஒரு பாட்டைப் பொருள் தெரிந்து சொன்னால் அன்றைக்கெல்லாம் அது மனசில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் விட்டுப்போனால்? விட்டுப்போகத்தான் செய்யும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து, ஒரு புதுப் பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள் வந்தது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கில் வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறவிட்டவர்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நம் ஊரில் ஒரு மண்டலம் 48 நாள் என்று வைத்திருக்கிறார்கள், நீங்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் விட்டால் முதலிலிருந்து எண்ணுகிற வேலை மட்டும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பஸ்ஸில் உட்கார்ந்து மீதிப் பாட்டைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். இடம் கிடைத்தால் தூங்குங்கள், தயவுசெய்து. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும், உங்களுக்கு ஒரு வருடத்துப் பாக்கி இருக்கிறது.

விளக்கை யார் ஏற்றுவது

உங்கள் கணவர் சொல்கிற "மனசுல நெனச்சா போதும்" என்பதில் கோபப்பட ஒன்றுமில்லை, அதற்கு நம் மரபில் இடம் உண்டு. திருநின்றவூர்ப் பூசலார் மனசிலேயே கோயில் கட்டியவர்தான், காஞ்சியில் கல்லால் கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கும்பாபிஷேக நாளையே தள்ளிவைக்கச் சொல்லிச் சிவன் இவர் கட்டிய கோயிலுக்குப் போனார் என்பது கதை. ஆனால் பூசலார் போகிற போக்கில் நினைத்துவிட்டுப் போகவில்லை. மனசிலேயே கல் தேடி, தச்சர்களைத் தேடி, நல்ல நாள் பார்த்து, இரவிலும் கண் துஞ்சாமல் ஒவ்வொரு நிலையாகக் கட்டினார். போனைப் பார்த்துக்கொண்டே நினைத்தது இல்லை அது. இதைச் சண்டையாகச் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது சொல்லிப் பாருங்கள், கூடவே ஒரு வேலையையும் கையில் கொடுங்கள். காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வீட்டிலிருக்கும் வாரங்களில் சாயங்கால விளக்கு அவருடையது.

ஆண்கள் வீட்டில் விளக்கேற்றக் கூடாது என்று அத்தை சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எந்தக் கோயிலுக்குப் போனாலும் கருவறை விளக்கை ஏற்றுகிறவர் பெரும்பாலும் ஆண்தானே, அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. இதை அத்தையிடம் வாதமாகக் கொண்டுபோனால் வேலைக்கு ஆகாது, உங்கள் கணவர் போய்த் தன் அம்மாவிடம் "நான் ஏத்துறேம்மா" என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். மாதத்தில் அந்த மூன்று நாளுக்கும் இதுவே வழி. அந்த நாட்களில் நீங்களே ஏற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது, அதில் நானோ அத்தையோ தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நீங்கள் ஏற்றாவிட்டால் வீடே இருட்டு என்கிற நிலை மாற வேண்டும்.

அத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வாக்கியம் உங்களைக் குத்தியது நியாயம். பேரன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றபோது பயத்தில் ஒரு பாட்டி வாயில் வந்தது அது. பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் அவர்தான், முழங்கால் வலியிருந்தாலும் ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தால் நீங்கள் கிளம்பிய பிறகு அவர் பாட்டுக்கு உட்கார்ந்து கும்பிடலாம், விளக்கைப் பூவால் குளிர வைக்கிற பொறுப்பையும் அவரிடமே விட்டுவிடலாம். விளக்கு ஏற்றியதா என்று பஸ் ஸ்டாப்பில் நீங்கள் பதறவும் வேண்டியிருக்காது.

மகளை விட்டுப் பிடியுங்கள்

"எனக்குத் தோணுறப்ப கும்பிட்டுக்கிறேன், டெய்லி ஏம்மா" என்று கேட்கிற பெண்ணிடம் ஒரு மாதம் போனைப் பிடுங்கி வைத்தீர்களாம். அது தப்பு சகோதரி. போனுக்குப் பயந்து சாமி அறையில் நிற்கிற பிள்ளை சாமியைக் கும்பிடாது, எப்போது வெளியே விடுவார்கள் என்று கடிகாரத்தைத்தான் பார்க்கும். அவள் ஒரு வருடமாகப் பார்த்ததும் இதைத்தான், கண் சிவந்து, அழுது, முதலிலிருந்து ஆரம்பிக்கிற அம்மாவை. யாருக்கு ஆசை வரும்?

போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கும்பிடச் சொல்லாதீர்கள், ஏதாவது கைவேலை கேளுங்கள், வெள்ளிக்கிழமை வாசலில் பெரிய கோலம், அல்லது பூத்தொடுப்பது. அதற்கும் வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், ஏழு நிமிடம் வீட்டில் டி.வி. ஓடாமல் இருந்தால் போதும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் ஏன் என்று கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். 14 வயதில் கேள்வி கேட்காத பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

சிவராத்திரிக்கு ஒரு ஆர்.எல்.

விருதுநகர்ப் பக்கத்துக் குலசாமி கோயிலுக்குப் போய் நாலு வருடம் ஆகிவிட்டது, லீவு கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தற்செயல் விடுப்பு 12 நாளும் பிள்ளைகளின் காய்ச்சலுக்கே போய்விடுகிறது என்பது புரிகிறது, ஆனால் வருடத்துக்கு மூன்று நாள் ஆர்.எல். என்கிற மதச்சார்பு விடுப்பு உங்களுக்கு உண்டே, அதைக் கடந்த இரண்டு வருடமாகத் தொடவே இல்லையாம். மகா சிவராத்திரி அந்தப் பட்டியலில் வருகிறது. கேட்டால் மற்ற ஆசிரியர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதெல்லாம் ஒரு காரணமா? அது உங்கள் உரிமை, யாருடைய தயவும் இல்லை. செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு வேலைகள் மோதுகிற நேரம் அது, அதனால் ஜனவரியிலேயே தலைமை ஆசிரியரிடம் சொல்லி வைத்துவிடுங்கள், அவரும் ஏற்பாடு செய்துகொள்ள முடியும். கணவர் ஷிப்டையும் அன்றைக்கு மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். குலசாமி கோயில் வாசலில் அத்தை தன் சொந்தபந்தத்தோடு ஒரு ராத்திரி உட்கார்ந்துவிட்டு வந்தால், வீட்டில் பாதிப் பேச்சு அடங்கும் என்பது என் அனுபவம்.

பிரதோஷம் போக முடியவில்லை என்ற வருத்தத்துக்கும் இதே மாதிரி ஒரு வழி இருக்கிறது. நாலரையிலிருந்து ஆறு வரை நீங்கள் பஸ்ஸில்தான் இருப்பீர்கள், மாதம் இரண்டு தடவையும் ஓடிப் பார்த்து முடியாமல் அழுவதற்குப் பதில், வருடத்தில் ஒரு சில சனிக்கிழமைகளில் வருகிற பிரதோஷத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு குடும்பத்தோடு போங்கள்.

ஆக, இந்த வாரம் மருத்துவரிடம் நேரம் வாங்குவதும், ராஜினாமா எண்ணத்தை ஓரமாக வைப்பதும் முதல் வேலை. ஏழு நிமிட பூஜையை நாளைக்கே ஆரம்பிக்க வேண்டியதில்லை, கணவர் வீட்டிலிருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் நாலு பேரையும் உட்காரவைத்து, யாருக்கு எந்த வேலை என்று பேசிவிட்டு ஆரம்பியுங்கள். வியாழக்கிழமை ராத்திரி புளியும் சபீனாவும் போட்டு அந்தப் பித்தளை விளக்கைத் தேய்க்கிற வேலையைப் பையனிடம் கொடுத்துவிடுங்கள். கை நன்றாகக் கூடிவிட்டது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.